மெமரி பத்தலைன்னு மாடலை வெட்டப் போறீங்களா? வெட்டு எங்க விழுதுங்கிறதுல தான் கணக்கே இருக்கு

பெரிய ஸ்ட்ரக்சர் மாடல் ஒண்ணை ரன் போட்டா சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்குற ப்ரோகிராம்) கொஞ்ச நேரம் ஓடிட்டு மெமரி போதலைன்னு ஒரு வரியை எழுதிட்டு நின்னுடும். யார்கிட்ட கேட்டாலும் வர்ற முதல் பதில், "மாடலை பிரிச்சு போடுங்க", அதாவது சப்ஸ்ட்ரக்சரிங். அப்படி பிரிச்சவங்கள்ல ஒருத்தருக்கு 64 ஜிபி மெஷின்லயே அழகா ஓடிடுது, இன்னொருத்தருக்கு பிரிச்சதுக்கு அப்புறம் முன்னைவிட அதிகமா கேக்குது, சாஃப்ட்வேரும் ஒண்ணு தான் கமாண்டும் ஒண்ணு தான். இது ஏன்னு புரியணும்னா மெமரியை உண்மையில சாப்பிடுறது எதுன்னு முதல்ல பாக்கணும்.

## மெமரி எங்க போகுது

ஃபைனைட் எலிமென்ட்ங்கிறது பொருளை சின்னச் சின்ன துண்டா (எலிமென்ட்) பிரிச்சு கணக்குப் போடுற முறை, துண்டுங்க சேர்ற புள்ளி தான் நோடு, மொத்த வலை தான் மெஷ். ஒவ்வொரு நோடும் நகரக்கூடிய திசைகள் இருக்கு, கனமான பொருளுக்கான சாலிட் எலிமென்ட்னா 3, மெல்லிய தகட்டுக்கான ஷெல்னா சுழற்சியும் சேர்த்து 6. இதை டிகிரி ஆஃப் ஃப்ரீடம், சுருக்கமா டிஓஎஃப்னு சொல்றோம். ஒவ்வொரு டிஓஎஃப்புக்கும் ஒரு சமன்பாடு, அத்தனையையும் அடுக்கி வச்சா வர்றது ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ்.

கணக்குக்கு வசதியா ஒரு கனசதுர இரும்புக் கட்டியை எடுத்துக்குவோம். பக்கத்துக்கு 100 நோடு, ஆக மொத்தம் 10 லட்சம் நோடு, 30 லட்சம் டிஓஎஃப். சாதாரண 8 நோடு பிரிக் எலிமென்ட் போட்டா ஒரு நோடுக்கு தன்னையும் சேர்த்து 27 நோடோட தான் தொடர்பு, அதனால ஒரு வரிசையில 81 எண் தான் பூஜ்யம் இல்லாம இருக்கும், மத்ததெல்லாம் பூஜ்யம். மேட்ரிக்ஸ் சிமெட்ரிக்ங்கிறதால பாதியை வச்சா போதும், ஒரு எண்ணுக்கு 8 பைட், மொத்தம் சுமார் 1 ஜிபி. அவ்வளவு தான். லேப்டாப்லயே நிக்கும்.

பிரச்சனை இதை சால்வ் பண்ணும்போது தான் வருது. டைரக்ட் சால்வர் மேட்ரிக்ஸை ஃபேக்டர் பண்ணும், அதாவது ஒவ்வொரு டிஓஎஃப்பா நீக்கிக்கிட்டே போகும், ஒண்ணை நீக்கும்போது அதோட பக்கத்துல இருந்ததெல்லாம் ஒண்ணுக்கொண்ணு புதுசா தொடர்பு ஆயிடும், அதுவரைக்கும் பூஜ்யமா இருந்த இடத்துல எண் வந்து உக்காரும். இதுக்குப் பேர் ஃபில்-இன். நம்ம கட்டியையே ஒரு ஓரத்துல இருந்து தட்டு தட்டா வரிசையா நீக்கிட்டுப் போனா, எந்த நேரத்துலயும் ஒரு முழு தட்டு, அதாவது 30,000 டிஓஎஃப் உயிரோட இருக்கும், ஃபேக்டர் மட்டும் 720 ஜிபி வரும். 1 ஜிபி மேட்ரிக்ஸ் 720 ஜிபி ஃபேக்டரா ஆகுது. மெமரி போதலைன்னு சால்வர் சொல்றது இந்த ஃபேக்டரைப் பத்தி தான்.

## சால்வரே ஏற்கனவே வெட்டிக்கிட்டு தான் இருக்கு

நிறைய பேர் கவனிக்காத இடம் இது. எந்த வரிசையில நீக்குறோம்ங்கிறதைப் பொறுத்து ஃபில்-இன் மாறும். 1973ல ஆலன் ஜார்ஜ் நெஸ்டெட் டிசெக்ஷன்னு ஒரு முறையை எழுதினார். மாடலை நடுவுல ஒரு தட்டால ரெண்டா பிரி, ரெண்டு பக்கத்தையும் முதல்ல நீக்கு, நடுத்தட்டை கடைசியில நீக்கு, ஒவ்வொரு பாதியையும் அதே மாதிரி மறுபடி பிரி, இப்படியே கீழ வரைக்கும். இன்னைக்கு மெட்டிஸ் மாதிரி லைப்ரரி இந்த பிரிப்பை சில நொடியில பண்ணிக் குடுத்துடும், மம்ப்ஸ், பார்டிஸோ மாதிரி டைரக்ட் சால்வர்ங்க எல்லாம் இந்த மாதிரி வரிசையை வச்சு தான் ஓடுது.

இதனால நம்ம கட்டியோட 720 ஜிபி சில பத்து ஜிபியா இறங்கிடும். ஆனா ஒரு அளவுக்கு மேல இறங்காது, ஏன்னா கடைசியில மிஞ்சுற அந்த நடுத்தட்டு 100க்கு 100 நோடு, 30,000 டிஓஎஃப், அதுல எல்லாமே எல்லாத்தோடயும் தொடர்பு ஆயிருக்கும். அந்த ஒரு தட்டுக்கு மட்டும் பாதி மேட்ரிக்ஸே 3.6 ஜிபி. மெஷ் சைஸை பாதியாக்கினா டிஓஎஃப் 8 மடங்கு ஏறும், ஃபேக்டர் மெமரி ஏறத்தாழ 16 மடங்கு, ஃபேக்டர் பண்ற வேலை 64 மடங்கு. "கொஞ்சம் ஃபைன் மெஷ் போட்டேன், ஏன் படுத்துடுச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுல இருக்கு.

அதே 30 லட்சம் டிஓஎஃப்பை ஷெல் மாடலா நினைச்சுப் பாருங்க. 5 லட்சம் நோடு, ஒரு தகடுன்னு வச்சுக்கிட்டா பக்கத்துக்கு சுமார் 700. அதை ரெண்டா வெட்டுறது ஒரு தட்டு இல்ல, வெறும் கோடு, 700 நோடு, 4,200 டிஓஎஃப். அதோட பாதி மேட்ரிக்ஸ் 70 எம்பி. 3.6 ஜிபிக்கு பதிலா 70 எம்பி! டிஓஎஃப் எண்ணிக்கை ஒண்ணு தான், வெட்டோட அகலம் தான் வேற. 6 மிமீ தகட்டுக்கு மூணு லேயர் சாலிட் போட்டு வச்சுட்டு மெமரி பத்தலைன்னு சப்ஸ்ட்ரக்சரிங் தேடுறவங்க முதல்ல திரும்பிப் பாக்க வேண்டியது எலிமென்ட் டைப்பைத் தான்.

இப்போ நம்ம கட்டியை நீங்க கையால நடுவுல வெட்டுறீங்கன்னா நீங்க செய்யுறது சால்வர் முதல் படியில செஞ்ச அதே வேலை. புதுசா ஒண்ணும் கிடைக்காது. ஒரு பாதியோட ஃபேக்டரை டிஸ்க்குக்கு அனுப்பிட்டு அடுத்த பாதியை எடுக்கலாம்ங்கிற ஒரே லாபம் தான், அதையும் சால்வர்ல அவுட்-ஆஃப்-கோர் ஆப்ஷனை போட்டா அதுவே பாத்துக்கும். ஆன்ஸிஸ்ங்கிற ஃபைனைட் எலிமென்ட் சாஃப்ட்வேரோட மேனுவல் சொல்ற தோராயக் கணக்குப்படி அதோட டைரக்ட் சால்வரான ஸ்பார்ஸ் சால்வருக்கு 10 லட்சம் டிஓஎஃப்புக்கு இன்-கோர்ல (எல்லாம் ரேம்லயே) சுமார் 10 ஜிபி, அவுட்-ஆஃப்-கோர்ல சுமார் 1 ஜிபி. டிஸ்க் நல்ல எஸ்எஸ்டியா இருந்தா இதுவே பல பேருக்கு போதும், கையால வெட்டவே வேண்டாம்.

## அப்போ சப்ஸ்ட்ரக்சரிங்னு எதை சொல்றாங்க

இது கம்ப்யூட்டர் மெமரி ரொம்ப கொஞ்சமா இருந்த காலத்துல பிறந்த விஷயம். 1960கள் தொடக்கத்துல பெரிய மெஷின்னு பேர் வாங்கின ஐபிஎம் 7090ல மெயின் மெமரி மொத்தமே 32,768 வேர்ட், இன்னைக்கு கணக்குல 150 கேபி கூட வராது. அதுல முழு விமானத்தையும் ஏத்த வழியே இல்ல. 1963ல ஷெமியெனியெட்ஸ்கி இறக்கையையும் உடம்பையும் தனித்தனியா கணக்குப் போட்டு, சேர்ற இடத்துல மட்டும் இணைக்கிற முறையை முறையா எழுதி வச்சார். 1969ல நார்வேயோட கப்பல் தரச்சான்று நிறுவனம் டிஎன்வி கொண்டு வந்த செசாம் சாஃப்ட்வேர் இதையே கப்பலுக்கு எடுத்துக்கிட்டுது, அந்தப் பேருக்குள்ளயே சூப்பர் எலிமென்ட்ங்கிற வார்த்தை இருக்கு. இஸ்ரோவோட ஃபீஸ்ட் சாஃப்ட்வேர்லயும் சப்ஸ்ட்ரக்சரிங் உண்டு.

வேலை நடக்குற விதம் இப்படி:

1. ஒரு பாகத்தோட டிஓஎஃப்பை ரெண்டா பிரிக்கணும். மத்த பாகத்தோட ஒட்டுற இடத்துல இருக்குறது பவுண்டரி, மிச்சமெல்லாம் உள்ள இருக்குறது.

2. உள்ள இருக்குற அத்தனையையும் நீக்கிட்டா பவுண்டரி டிஓஎஃப்புக்கு மட்டும் ஒரு சின்ன மேட்ரிக்ஸ் மிஞ்சும். பவுண்டரியை இவ்வளவு நகர்த்தினா இவ்வளவு விசை திரும்பி வரும்னு அந்த மேட்ரிக்ஸ் சொல்லும், உள்ள என்ன நடக்குதுன்னு வெளியில இருக்குறவங்களுக்கு தெரிய வேண்டியதில்ல. இந்த நீக்குறதுக்குப் பேர் ஸ்டாட்டிக் கண்டென்சேஷன், மிஞ்சுற மேட்ரிக்ஸ் தான் சூப்பர் எலிமென்ட்.

3. எல்லா சூப்பர் எலிமென்ட்டையும் சேர்த்து பவுண்டரியை மட்டும் சால்வ் பண்ணணும்.

4. கிடைச்ச பவுண்டரி நகர்வை ஒவ்வொரு பாகத்துக்கும் திருப்பி அனுப்பி உள்ள இருக்குற நகர்வு, ஸ்ட்ரெஸ் எல்லாம் எடுக்கணும்.

ஆன்ஸிஸ்ல இதை ஜெனரேஷன் பாஸ், யூஸ் பாஸ், எக்ஸ்பான்ஷன் பாஸ்னு மூணு கட்டமா வச்சிருக்காங்க. நாஸ்ட்ரான்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல கண்டென்ஸ் ஆகாம கடைசி வரைக்கும் நிக்குற பாகத்தை ரெசிடியூவல்னு சொல்லுவாங்க.

லீனியர் ஸ்டாட்டிக் கணக்குக்கு இதுல எந்த தோராயமும் இல்ல. முழு மாடல் குடுக்குற அதே விடை தான் வரும், கடைசி தசம இடங்கள் தவிர. "கண்டென்ஸ் பண்ணா அக்யூரசி போயிடும்"ங்கிற பயம் டைனமிக்ஸ்ல இருந்து இங்க தொத்திக்கிட்டது.

## வெட்டுற இடம்

கண்டென்ஸ் ஆன மேட்ரிக்ஸ்ல பூஜ்யமே இருக்காது, அடர்த்தியா இருக்கும். அதனால பவுண்டரி டிஓஎஃப்போட வர்க்கமா மெமரி ஏறும்.

ஒரு கியர் பாக்ஸ் கேசிங் மாதிரி பாகம், உள்ள 5 லட்சம் டிஓஎஃப், வெளியில ஒரு ஃப்ளாஞ்ச் வழியா தான் மத்ததோட சேருதுன்னு வைங்க. ஃப்ளாஞ்ச்ல 400 நோடுன்னா 1,200 டிஓஎஃப், முழு மேட்ரிக்ஸ் 11.5 எம்பி. பிரமாதம். அதே பாகத்தை இன்னொருத்தர் ஃப்ளாஞ்ச்ல வெட்டாம சுவரோட நடுவுல, கனமான இடத்துல, 10,000 நோடு இருக்குற முகத்துல வெட்டுறார். 30,000 டிஓஎஃப், முழு மேட்ரிக்ஸ் 7.2 ஜிபி, அப்படி நாலு பாகம்னா சூப்பர் எலிமென்ட்டுங்களுக்கே 29 ஜிபி கிட்ட, அதுக்கு மேல பவுண்டரியை ஃபேக்டர் பண்ண வேற இடம் வேணும். முதல் பாரால சொன்ன ரெண்டாவது ஆள் இவர் தான்.

இன்னொரு ஒளிஞ்சிருக்கிற செலவு இருக்கு. சில டூல் கண்டென்ஸ் பண்ணும்போது, ஒவ்வொரு பவுண்டரி டிஓஎஃப்பையும் ஒரு யூனிட் நகர்த்தினா உள்ள எப்படி நகரும்ங்கிற அட்டவணையை முழுசா கட்டும். 5 லட்சம் வரிசை, 1,200 பத்தி, 4.8 ஜிபி. 11.5 எம்பி ஃபைல் உருவாக்க 4.8 ஜிபி! மம்ப்ஸ், பார்டிஸோல ஷூர் காம்ப்ளிமென்ட் (கண்டென்ஸ் ஆன மேட்ரிக்ஸோட கணிதப் பேர்) ஆப்ஷன் இருக்கு, அது இந்த அட்டவணையை கட்டாமலேயே சின்ன மேட்ரிக்ஸை நேரா எடுத்துடும். உங்க டூல் எதைச் செய்யுதுன்னு ஒரு சின்ன பாகத்தை வச்சு டாஸ்க் மேனேஜர்ல பாத்தாலே தெரிஞ்சுடும்.

ஒரு முகத்துல இருக்குற நோடுங்களை எல்லாம் ஸ்பைடர் மாதிரி ஒரே நோடோட கட்டி 6 டிஓஎஃப்பா ஆக்குறதும் உண்டு. மெமரி ஒண்ணுமே ஆகாது, 6க்கு 6. ஆனா ஆர்பிஇ2ங்கிற வகைக் கட்டு போட்டா அந்த முகம் கல்லு மாதிரி ஆயிடும், ஆர்பிஇ3 வகை போட்டா முகத்தோட சராசரி நகர்வு மட்டும் தான் போய்ச் சேரும், எதிர்ப்பக்கத்தோட விறைப்பு அந்த முகத்தைப் பிடிக்காது. போல்ட் ஹோல், பேரிங் சீட் மாதிரி இடத்துல ஓகே. பெரிய ஃப்ளாஞ்ச் முகத்துக்கு செஞ்சா விடையே மாறும், அது கண்டென்சேஷனோட தப்பில்ல.

## எப்போ உண்மையிலேயே லாபம்

1. ஒரே பாகம் திரும்பத் திரும்ப வரும்போது. கப்பலோட நடுப்பகுதில ஒரே மாதிரி ஃப்ரேம் அடுத்தடுத்து வரும். ஒரு தடவை கண்டென்ஸ் பண்ணி, நகர்த்தி, திருப்பி, எத்தனை இடத்துல வேணும்னாலும் வைக்கலாம். பொதுவான டைரக்ட் சால்வருக்கு ரெண்டு பாகமும் ஒண்ணு தான்னு தெரியாது, அது ரெண்டையும் தனித்தனியா தான் ஃபேக்டர் பண்ணும். உங்களுக்குத் தெரிஞ்சது சால்வருக்குத் தெரியாம இருக்குற இடத்துல தான் கை வெட்டுக்கு மதிப்பு.

2. சின்ன இடத்துல மட்டும் நான்லீனியர் (விசைக்கு நேர் விகிதத்துல நகராத நடத்தை) இருக்கும்போது. ஒரு ஜாயின்ட்ல போல்ட் கான்டாக்ட், மிச்சமெல்லாம் எலாஸ்டிக். லோடை 20 படியா (இன்கிரிமென்ட்) ஏத்தி, ஒவ்வொண்ணுலயும் விடையை 5 தடவை திருத்தினா (இட்டரேஷன்) முழு மாடலை 100 தடவை ஃபேக்டர் பண்ணணும். எலாஸ்டிக் பாகத்தை ஒரு தடவை கண்டென்ஸ் பண்ணிட்டா அந்த 100 தடவையும் சின்ன மாடல் தான். மெமரியை விட நேரத்துல இங்க லாபம் பயங்கரமா தெரியும்.

3. டிசைன் மாத்துறது ஒரே பாகத்துல மட்டும் நடக்கும்போது.

4. பாகம் வேற கம்பெனியோடதா இருக்கும்போது. சாட்டிலைட் செய்யுறவங்க முழு மாடலை ராக்கெட் விடுறவங்களுக்கு குடுக்குறதில்ல, கண்டென்ஸ் ஆன மேட்ரிக்ஸைத் தான் குடுப்பாங்க, அவங்க அதை ராக்கெட் மாடலோட சேர்த்து கப்புள்ட் லோட் அனாலிசிஸ் போடுவாங்க. டிசைன் ரகசியமும் காப்பாத்தப்படுது, மாடலும் சின்னதா இருக்கு.

வெறுமனே லோட் கேஸ் நிறைய இருக்குன்னு சப்ஸ்ட்ரக்சரிங் போடுறதுல பெருசா ஒண்ணும் இல்ல. சாதாரண ரன்லயே ஃபேக்டர் ஒரு தடவை தான், ஒவ்வொரு லோடுக்கும் பின்னாடி ஓடுறது லேசான வேலை.

## டைனமிக்ஸ்ல கதை வேற

அதிர்வு வந்தா மாஸ் மேட்ரிக்ஸையும் சுருக்கணும். 1965ல கயான் குடுத்த முறை, ஸ்டாட்டிக்ல உள்ள எப்படி நகருமோ அதே வடிவத்துல தான் அதிர்வுலயும் நகரும்னு எடுத்துக்குது. கீழ் ஃப்ரீக்வென்சிக்கு பரவாயில்ல. மேல போகப் போக, பவுண்டரி அசையாம இருக்கும்போதே உள்ள தனியா ஆடுற ஆட்டம் இதுல வரவே வராது, ஃப்ரீக்வென்சி உண்மையை விட அதிகமா காட்டும்.

1968ல கிரெய்க்கும் பாம்ப்டனும் இதுக்கு வழி சொன்னாங்க. பவுண்டரியை இறுக்கிப் பிடிச்சு பாகத்தோட மோட்களை (இயல்பான அதிர்வு வடிவங்களை) எடு, அதுல முதல் சிலதை மட்டும் கூடுதல் டிஓஎஃப்பா சேர்த்துக்கோ. நமக்கு வேண்டிய ஃப்ரீக்வென்சியை மாதிரி ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு வரைக்கும் மோட் எடுக்குறது வழக்கம். 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் வேணும்னா 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும்.

இங்கயும் மெமரியை தீர்மானிக்கிறது பவுண்டரி தான். 1,200 பவுண்டரி டிஓஎஃப்போட 50 மோட் சேர்த்தா 1,250, மோட் எண்ணிக்கையை குறைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. சாட்டிலைட்டுக்கு இது அவ்வளவு நல்லா பொருந்துறதுக்கு காரணம் அது ராக்கெட்டோட ஒரு வளையத்துல மட்டும் தான் ஒட்டுது. கார் பாடி மாதிரி எல்லா பக்கமும் ஒட்டுற ஸ்ட்ரக்சருக்காக டெக்சாஸ் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி பென்னிகாஃப் ஏஎம்எல்எஸ்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார், அதுல பிரிப்பை சாஃப்ட்வேரே பல அடுக்கா பண்ணிக்கும், பவுண்டரியையும் மோட்களா சுருக்கிடும்.

## ஒண்ணுன்னு நினைச்சு குழப்பிக்கிற மூணு விஷயம்

சப்மாடலிங் இது இல்ல. அதுல முழு மாடலை கோர்ஸ் மெஷ்ல ஓட்டிட்டு, ஒரு இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஃபைன் மெஷ் போட்டு, வெட்டுன முகத்துல கோர்ஸ் மாடலோட நகர்வை அப்படியே ஏத்துவாங்க. ஒரு ஃபில்லெட்ல (வளைச்சு விட்ட மூலையில) ஸ்ட்ரெஸ் மட்டும் வேணும்னா மெமரிக்கு இதை விட மலிவான வழி இல்ல. ஆனா உள்ள செய்யுற மாற்றம் வெளியில தெரியாது, ஒன்வே தான்.

டிஸ்ட்ரிபியூட்டட் ரன்னும் இது இல்ல. 16 ப்ராசஸ் போட்டா மாடல் 16 துண்டா பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் மெமரி குறையும், ஆனா மொத்தம் குறையாது, கொஞ்சம் ஏறவே செய்யும். 4 மெஷின்ல பரப்பினா நல்லது. ஒரே பிசில ப்ராசஸ் எண்ணிக்கையை ஏத்திட்டு மெமரி குறையும்னு எதிர்பாக்குறது வீண்.

மூணாவது, பிரிப்பு மெமரியை நெஜமாவே குறைக்கிற இடம். 1991ல ஃபராட்டும் ரூவும் எழுதின ஃபெட்டி, அப்புறம் அதே குடும்பத்துல வந்த பிடிடிசி, ரெண்டும் பிரிச்ச துண்டுகளை இட்டரேஷனால சேர்க்குற முறைங்க. நம்ம கட்டியை பக்கத்துக்கு 4ஆ, மொத்தம் 64 சின்ன கட்டியா பிரிங்க. ஃபேக்டர் மெமரி பக்கத்தோட நாலாவது அடுக்கா ஏறுதுன்னு பாத்தோம், அதனால ஒரு சின்ன கட்டிக்கு 256ல ஒரு பங்கு, 64 கட்டிக்கும் சேர்த்து நாலுல ஒரு பங்கு. பக்கத்துக்கு 10ஆ பிரிச்சா பத்துல ஒரு பங்கு. இது எப்படி முடியுதுன்னா சந்திக்கிற முகங்களோட அந்த அடர்த்தியான மேட்ரிக்ஸை இவங்க கட்டுறதே இல்ல, முகத்துல இருக்குற விசையையோ நகர்வையோ இட்டரேஷன்ல ஒத்துப் போக வைக்கிறாங்க. விலை என்னன்னா இட்டரேஷன் ஒழுங்கா கன்வெர்ஜ் ஆகணும். நடுவுல எந்த சப்போர்ட்டும் இல்லாம மிதக்குற கட்டிங்களுக்கு மேட்ரிக்ஸ் சிங்குலர் (ஒரே விடை கிடைக்காத நிலை) ஆகும், அதுக்குன்னு எல்லா கட்டியையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன கணக்கு, கோர்ஸ் ப்ராப்ளம்னு ஒண்ணு தனியா வேணும். பெட்ஸ்சிங்கிற லைப்ரரில பிடிடிசி ரெடியா இருக்கு, ஆனா பட்டன் அமுக்குற வேலை இல்ல. தடிமனான சாலிட் மாடலுக்கு ஃபேக்டர் பண்ணாம இட்டரேஷன்ல விடை தேடுற சாதாரண பிசிஜி சால்வரே மெமரியை நல்லா குறைச்சுடும், மெல்லிய ஷெல்லுக்கு அது திணறும்.

## வெட்டுறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது

லோட் எல்லாம் ஜெனரேஷன் பாஸ்லயே ஏறணும். பாகத்துக்கு உள்ள வர்ற டெம்பரேச்சர், கிராவிட்டி, பிரஷர் எல்லாத்தையும் பவுண்டரிக்கு சுருக்கி வச்சா தான் பின்னாடி பயன்படுத்த முடியும். கிராவிட்டியை ஒரு திசைல மட்டும் ஏத்திட்டு கண்டென்ஸ் பண்ணியாச்சுன்னா சாய்ஞ்சு நிக்குற கேஸ் வரும்போது மறுபடி முதல்ல இருந்து தான், அதனால மூணு திசைக்கும் தனித்தனியா ஏத்தி வைங்க. நடுவுல எங்கயாவது விசை குடுக்கணும், டிஸ்ப்ளேஸ்மென்ட் பாக்கணும்னா அந்த நோடை முன்னாடியே பவுண்டரி லிஸ்ட்ல சேர்த்துடணும். கான்டாக்ட் வர்ற முகத்தையும் அப்படித்தான்.

டிஸ்க்ல இடம் காலி பண்றேன்னு ஜெனரேஷன் ஃபைல்களை அழிச்சா அதுக்கப்புறம் உள்ள ஸ்ட்ரெஸ் எடுக்க முடியாது, சின்ன மேட்ரிக்ஸ்ல அந்தத் தகவல் கிடையாது.

இன்னொண்ணு, வர்ற எரர் உண்மையிலேயே மெமரி எரரான்னும் பாருங்க. 32 பிட் இன்டீஜர்ல கம்பைல் ஆன சால்வரால ஃபேக்டர்ல சுமார் 214 கோடி எண்ணுக்கு மேல எண்ண முடியாது, அது 17 ஜிபி தான். ரேம் 128 ஜிபி இருக்கு, பாதி கூட நிறையல, ஆனாலும் நின்னுடுதுன்னா 64 பிட் இன்டீஜர் வெர்ஷன் இருக்கான்னு தேடுறது முதல் வேலை.

கண்டென்ஸ் பண்ணின பிறகு ஒவ்வொரு சூப்பர் எலிமென்ட்டையும் தனியா, சப்போர்ட் இல்லாம, மேட்ரிக்ஸோட ஐகன்வேல்யூ எடுத்துப் பாருங்க, எதிர்ப்பே இல்லாம நகரக்கூடிய ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு பூஜ்யம் வரும். தாராளமா மிதக்க வேண்டிய 3டி பாகத்துக்கு சரியா 6 பூஜ்யம் வரணும். 6க்கு குறைவா வந்தா உள்ள எங்கயோ மறந்து போன கன்ஸ்ட்ரெயின்ட் ஒண்ணு தரையோட கட்டி வச்சிருக்கு. 6க்கு மேல வந்தா ரெண்டு மெஷ் ஒட்டாம நிக்குது, இல்லைன்னா ஏதோ ஒரு துண்டு கீல் மாதிரி சுத்துது. எல்லா பாகத்தையும் சேர்த்த பிறகு இதைத் தேடுறது பெரிய பாடு, பாகம் பாகமா இருக்கும்போது சில நிமிஷ வேலை.